சம்பளம் ஏறுவது வாடகை கொடுக்கத்தானா?

சம்பள உயர்வு பற்றிப் பேசும்போதெல்லாம் விலைவாசியைப் பேசுகிறோம். வாடகையைத் தனியே எடுத்துப் பேசுவதில்லை. வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அதில் முதல் வரி வாடகைதான் என்பதும், அந்த வரியை மட்டும் யாராலும் அடித்துத் திருத்த முடியாது என்பதும் தெரியும். மளிகையில் குறைக்கலாம், பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடலாம், பிள்ளையின் பழைய செருப்பை இன்னும் சில மாதம் ஓட்டலாம். வாடகையில் பாதியை இந்த மாதமும் மீதியை அடுத்த மாதமும் தருகிறேன் என்றால் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடும். எனவே சம்பளம் போதாதபோது அந்தப் போதாமை முழுவதும் சாப்பாட்டிலும் மருந்திலும் படிப்பிலும் போய் விழுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவரோ, வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறார்களே, அவர்களுக்கு என்ன குறை என்று நினைத்துக்கொள்கிறார்.

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று நிதி ஆலோசகர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் பரவிய வழியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசிப்பவர்களிடம் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் சட்டம் செய்தார்கள். 1981-இல் அரசின் செலவைக் குறைக்கும் நடவடிக்கைகளோடு சேர்த்து அதை 30 ஆக உயர்த்தினார்கள். ஒரு குடும்பம் எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்த்து வந்த எண் அல்ல அது. நல்ல சம்பளக்காரருக்கு 40 விழுக்காடு போனாலும் மிச்சத்தில் வாழ்க்கை நடக்கும். குறைந்த கூலி வாங்குபவருக்கு 30 விழுக்காடு போனாலே மிச்சம் போதாது. வருமானம் குறையக் குறைய, அதில் வாடகை விழுங்கும் பங்கு கூடிக்கொண்டே போகிறது என்பதை பெர்லின் நகரப் புள்ளியியல் துறையில் இருந்த ஹெர்மன் ஷ்வாபே 1868-லேயே கணக்கெடுத்துச் சொல்லிவிட்டார்.

சம்பளத்துக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளி ஏன் விரிகிறது என்றால், இரண்டும் ஏறும் விதமே வேறு. சம்பளம், ஆண்டுக்கு ஒரு முறை, பழைய தொகையின்மேல் சிறு விழுக்காடாக ஏறுகிறது. சில இடங்களில் அதுவும் இல்லை. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009-இல் எட்டிய அளவிலேயே 15 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. வாடகையோ, வீடு ஒரு முறை காலியானால் போதும், அந்தப் பகுதியில் அன்றைக்கு அதிகம் தரக்கூடியவர் எவ்வளவு தருவாரோ அந்த இடத்துக்குத் தாவிவிடுகிறது. அதனால்தான் பழைய வாடகையில் நெடுநாள் இருப்பவர்கள் சுவரில் ஈரம் ஊறினாலும் சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் சரிசெய்துவிட்டு வாடகையைக் கூட்டுவார்களோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தும், புது வீட்டுக்கு முன்பணம் புரட்ட முடியாமல் அதை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை பெருகும் ஊரில் வீடு பெருகாவிட்டால், அங்கே கூடிய சம்பளத்தில் பெரும்பங்கு கடைசியில் வீட்டுக்காரர் கைக்குத்தான் போய்ச் சேரும்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும், கட்டுப்படியாகாவிட்டால் தள்ளிப் போய்க் குடியிருக்கலாமே என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. தள்ளிப் போனால் வாடகையில் மிச்சமாவது பயணச் செலவில் போகிறது. அதோடு தூக்கமும், பிள்ளைகளோடு இருக்கும் நேரமும் சேர்ந்தே போகின்றன. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் முதல் பேருந்துக்குக் காத்து நிற்கும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரிடம் போய் யாராவது அப்படிச் சொல்ல முடியுமா? அவர் இல்லாமல் அந்த மருத்துவமனை ஒரு நாள்கூட நடக்காது. அவருடைய உழைப்பு வேண்டும், அவர் குடியிருக்க மட்டும் நகரில் இடம் கிடையாது என்பது அநியாயம்.

வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் மட்டும் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பெர்லினில் 2020-இல் வாடகையை உறையவைத்தார்கள்; குடியிருந்தவர்களுக்கு அது நிம்மதி தந்தது, ஆனால் புதிதாக வாடகைக்கு வந்த வீடுகள் குறைந்தன; மாநிலமாகவும் இருக்கும் பெர்லினுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2021-இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. வியன்னா வேறு வழியில் போனது. 1923-இல், பெரிய வீட்டுக்கு அதிகமும் சிறிய வீட்டுக்குக் குறைவுமாக ஒரு வீட்டுவசதி வரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே கட்டத் தொடங்கியது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இன்றும் அந்த நகரத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு மானியத்தில் கட்டிய வீடுகளிலோதான் வசிக்கிறார்கள். தனியார் வீட்டுக்காரர் இஷ்டம்போல வாடகையை ஏற்ற முடியாமல் செய்வதில் அந்தப் போட்டிக்கும் பங்கு உண்டு.

ஆனால் வீடு கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கூலி நிர்ணயத்தில் செய்ய வேண்டியது உண்டு. குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிடும் குழுக்கள், பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்து எடுத்த சராசரி வாடகையைக் கொண்டு கணக்குப் போடக் கூடாது. இந்த மாதம் ஒருவர் வீடு தேடிப் புறப்பட்டால், வேலையிடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கக்கூடிய வீட்டுக்கு என்ன வாடகை கேட்கிறார்களோ, அந்தத் தொகையை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கழித்த பிறகு கையில் நிற்பதில் ஒரு குடும்பம் சாப்பிட முடியுமா, வைத்தியம் பார்க்க முடியுமா என்று பார்த்து, முடியாதென்றால் கூலியை உயர்த்த வேண்டும். தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, உறுப்பினர்கள் கட்டும் வாடகை விவரத்தைத் திரட்டி எடுத்துப்போய் நிர்வாகத்தின் மேசையில் வைக்க வேண்டும்.