பொன்னாடை போர்த்தினீங்க, சரி. ஓட்டுப் பட்டியலைப் பார்த்தீங்களா?

ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழாவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது அதில் இல்லை. நானாக வெளியே வரவும் இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான். கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியின் உறுப்பினர் ஒருவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, "நம் சமூகத்துக்கு ஒன்று என்றால் முதல் குரல் இவருடையது" என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல். அவரும் "வனக்கம்" என்றார், இன்னொரு கைதட்டல். வீட்டுக்கு வந்து, கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் லெஜ்இன்ஃபோ தளத்தில், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வந்த எஸ்பி 403 மசோதாவுக்கு அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி: "குரல் கொடுத்ததுக்குப் பதிவு எங்கே இருக்கு?"

நாற்பது நிமிஷத்தில் அட்மின் பதில்: "இது குடும்ப குரூப். அரசியல் வேண்டாமே, ப்ளீஸ்."

அரசியல்வாதிக்குப் பொன்னாடை போர்த்தினால் அது கலாச்சாரம். அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று கேட்டால் அது அரசியல். புரிந்தது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் "தனிப்பட்ட தாக்குதல்" என்று ஆரம்பிப்பீர்கள். நீங்களே பாருங்கள், இரண்டு நிமிஷம் ஆகாது. தளத்துக்குப் போய் கூட்டத்தொடர் 2023-2024 என்று தேர்ந்தெடுத்து, எஸ்பி 403 என்று அடித்தால் மசோதா வரும். மேலே வரிசையாக இருப்பவற்றில் 'ஓட்டுகள்' என்று ஒரு தாவல். அதைத் தட்டினால் எந்தக் கமிட்டியில், எந்தத் தேதியில், யார் ஆம், யார் இல்லை, யாருடைய ஓட்டு பதிவாகவில்லை என்று பெயர் பெயராகக் கிடக்கும். லாகின் வேண்டாம், காசு வேண்டாம்.

கூட்டத்தொடரைத் தேர்ந்தெடுங்கள் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலடியாக ஒரு அண்ணன், "தப்பான தகவலைப் பரப்பாதீங்க, அவர் ஆம்னுதான் போட்டிருக்கார்" என்று இன்னொரு ஸ்கிரீன்ஷாட் போட்டார். பதினேழு லைக். திறந்து பார்த்தால் அது வேறு கூட்டத்தொடரின் எஸ்பி 403. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இங்கே எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அதே எண்ணில் சம்பந்தமே இல்லாத மசோதா வரும். இந்த அண்ணன் டேட்டாபேஸ் ஆர்க்கிடெக்ட். பிரைமரி கீ, அதாவது ஒரு பதிவை இன்னொன்றோடு குழப்பாமல் பிரித்துக் காட்டும் அடையாளம், என்றால் என்ன என்று எனக்கே வகுப்பு எடுத்தவர். நான் அதைச் சுட்டிக்காட்டி டைப் அடித்து முடிப்பதற்குள் நான் குரூப்பில் இல்லை. அவருடைய ஸ்கிரீன்ஷாட் இன்னும் அங்கேயே இருக்கிறதாம், இப்போது முப்பதுக்கு மேல் லைக்காம்.

சரி, மசோதாவுக்கு வருவோம். சாதிப் பாகுபாட்டைக் கலிஃபோர்னியா சட்டத்தில் வெளிப்படையாகத் தடை செய்ய செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்தது. 2023 மே 11 அன்று மேலவையான செனட்டில் 34க்கு 1. அதன்பிறகு திருத்தினார்கள், சாதியைத் தனி வகையாக வைக்காமல் 'வம்சாவளி' என்ற சொல்லுக்குள் அடக்கினார்கள். ஆகஸ்ட் 28 அன்று அசெம்பிளியில் 50க்கு 3. திருத்தத்தை ஏற்கச் செனட்டுக்குத் திரும்பியபோது செப்டம்பர் 5 அன்று 31க்கு 5. அக்டோபர் 7 அன்று கவர்னர் நியூசம் வீட்டோ போட்டார். ஏற்கெனவே இருக்கும் சட்டமே போதும், இது தேவையில்லை என்று எழுதினார். அந்தக் கடிதமும் அதே தளத்தில் இருக்கிறது.

ஐம்பதுக்கு மூன்று. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! அசெம்பிளியில் மொத்தம் 80 பேர். 53 போக மீதி 27 பேர் எங்கே?

அவர்கள்தான் மூன்றாவது பட்டியல். 'ஓட்டு பதிவாகவில்லை.' செனட்டில் பெயரைக் கூப்பிட்டு வாயால் சொல்ல வைப்பார்கள். அசெம்பிளியில் மேஜையில் பட்டன், சுவரில் பலகை, பச்சை அல்லது சிவப்பு. எதையும் அமுக்காவிட்டால் விளக்கு எரியாது. நம்மவர் அந்த இருபத்தேழில் ஒருவர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத்தான் நான் குரூப்பில் சொல்ல வந்தேன். இப்படிப்பட்ட மசோதா அசெம்பிளியில் நிறைவேற, வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் என்பது போதாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 41 ஆம் வேண்டும். அப்படியானால் அமுக்காத பட்டனுக்கும் சிவப்புப் பட்டனுக்கும் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. வெளியே வந்தால் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எதிர்த்தார் என்று ஒரு கூட்டம் திட்டாது, ஆதரித்தார் என்று இன்னொரு கூட்டமும் திட்டாது. இரண்டு கூட்டமும் பொன்னாடை போர்த்தும். இரண்டு வீட்டு வடை.

"அன்னிக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம்ல?" நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன், அந்த மூன்றாவது பட்டியல் லீவில் இருந்தவரையும் நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தவரையும் ஒரே குடத்தில் போட்டுவிடுகிறது. அதைப் பார்த்து மட்டும் யாரையும் கோழை என்று சொல்லக் கூடாது. அதனால்தான் அதே நாளில் வந்த வேறு மசோதாக்களையும் திறந்து பார்த்தேன். ஆம், ஆம், ஆம் என்று அவர் பெயர் வரிசையாக இருக்கிறது. உடம்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. "பாத்ரூம் போயிருப்பார்" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு எழுதினார். அசெம்பிளியில் முடிவை மாற்றாத வரை, அன்றைக்கே பின்னால் வந்துகூட ஓட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், விதியே அனுமதிக்கிறது. 50 வந்துவிட்ட இடத்தில் இன்னொரு ஆமோ இல்லையோ எதையும் மாற்றியிருக்காது. பாத்ரூமிலிருந்து அன்று முழுக்க வரவே இல்லை போல.

"வீட்டோ ஆன மசோதா, செத்த பாம்பை ஏன் அடிக்கிறே?" மசோதா செத்தது. ஓட்டுப் போட்டவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். மேடைக்கும் வருகிறார்கள்.

எனக்கு இந்தப் பட்டியல் மீது ஏன் இவ்வளவு பித்து என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அப்பா ராஜபாளையத்தில் நூற்பு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று ஷிஃப்டும் பார்த்தவர். 2023 ஏப்ரல் 21, தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. அன்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். வழக்கமாகச் சாப்பிட்டியா என்று ஆரம்பிப்பவர், நேரே கேட்டார்: "நம்ம எம்.எல்.ஏ ஆம்னு சொன்னாரா, இல்லைனு சொன்னாரா? நீதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாப்பியே, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சட்டமுன்வடிவு கிடைத்தது. யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது எங்கே கிடைக்கும்? சபாநாயகர் ஆம் என்போரையும் இல்லை என்போரையும் கேட்பார், சத்தம் வரும், ஆம் என்போரே அதிகம் என்பார், முடிந்தது. சத்தத்தில் யார் பெயர் இருக்கும்? யாராவது டிவிஷன், அதாவது தலையெண்ணி வாக்கெடுப்பு, கேட்டு எண்ணினால் உண்டு. அப்படி எண்ணிய காட்சி என்றால் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது 2017 பிப்ரவரி 18, எடப்பாடியின் நம்பிக்கை வாக்கெடுப்பு, 122க்கு 11. 234 பேர் இருக்கும் அவையில் சாதாரண நாளில் உங்கள் தொகுதிக்காரர் வாயைத் திறந்தாரா என்பது அவருக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும்தான் தெரியும்.

"அதெல்லாம் பதிவாகாதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மில்லுல நாங்க ஒரு நிமிஷம் லேட்டா வந்தாகூட கார்டுல பதிஞ்சிரும்லா" என்றார்.

எதிர்ப்பு வலுத்து அந்தச் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். அப்பாவின் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. அடுத்த பத்தாவது நாள் இங்கே செனட்டில் எஸ்பி 403. யார் ஆம், யார் இல்லை என்று பெயர் பெயராக என் திரையில். அன்று எனக்கு வந்தது சந்தோஷமா பொறாமையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அங்கே கேட்டுக் கிடைக்காததை இங்கே இலவசமாக வைத்திருக்கிறார்கள், நீங்கள் அதைத் திறக்கக்கூட மாட்டேன் என்கிறீர்கள், திறந்தவளை வெளியே அனுப்புகிறீர்கள்!

இனி எனக்கு மிகவும் உறைத்த பதில். எழுதியவர் என் பையனோடு கிரிக்கெட் ஆடும் பையனின் அப்பா. "மேடம், நீங்க சிட்டிசனே இல்லையே, உங்களுக்கு ஓட்டே கிடையாதே, ஏன் இவ்வளவு டென்ஷன்?"

ஆமாம், இல்லை. பதினாலு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். மாநில வருமான வரி கட்டும்போது யாரும் சிட்டிசனா என்று கேட்டதில்லை. பொங்கல் விழாவுக்கு 200 டாலர் நன்கொடை வாங்கும்போது நீங்களும் கேட்டதில்லை. லெஜ்இன்ஃபோவும் விசா ஸ்டாம்பிங் கேட்பதில்லை. எனக்கு ஓட்டு இல்லாததால்தான், ஓட்டு இருப்பவர்கள் தேர்ந்தெடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டு இருக்கிற நீங்கள் பார்த்தீர்களா?

கடைசியாக, குரூப்பில் பதில் எழுதிய ஒரு பெரியவர். "இந்த மசோதாவே நம்மை அசிங்கப்படுத்த வந்தது. இங்க எங்கம்மா சாதி இருக்கு? உங்கள மாதிரி ஆட்கள்தான் ஃப்ளைட்ல ஏத்திக் கொண்டுவர்றீங்க."

நான் மசோதா நல்லதா கெட்டதா என்று பேசவே வரவில்லை. எதிர்த்திருந்தால் எதிர்த்தார் என்று தெரிந்துகொண்டு பொன்னாடை போர்த்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இந்தியர்களை மட்டும் குறிவைக்கும் என்று பயந்து எதிர்த்தவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன், சேர்ந்து காபியும் குடித்திருக்கிறேன். ஆனால் "இங்க எங்கம்மா சாதி இருக்கு" என்று இவர் கேட்டபிறகு எனக்கு அது முடியவில்லை.

ஐயா, 2016 தீபாவளி பாட்லக் உங்கள் வீட்டில்தான். உங்கள் வீட்டம்மா என்னிடம் ஊர் கேட்டார்கள். ராஜபாளையம் என்றேன். "ஓ, ராஜபாளையத்துல எந்தப் பக்கம்?" சொன்னேன். "எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "ஓ" என்றார்கள். நான் கொண்டுவந்த புளியோதரை ட்ரே மேஜையின் ஓரத்துக்கு நகர்ந்தது. ராத்திரி பத்து மணிக்கு, ஃபாயிலின் ஒரு மூலைகூட மடங்காமல், அப்படியே காரில் வைத்து எடுத்து வந்தேன். என் கணவர் மூன்று நாள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போனார். நிரூபிக்க முடியாதுதான். அன்று ஐட்டம் அதிகமாக இருந்திருக்கலாம், யாருக்கும் புளி ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். அன்று கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், அந்த உரையாடலைக் கேட்டவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் மூன்றாவது பட்டியல்தான்.

இதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். கிடக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் "எங்க ஊருக்கும் இருக்கா" என்று கேட்டிருந்தீர்கள். லெஜிஸ்கேன், ஓப்பன் ஸ்டேட்ஸ் என்ற இரண்டு தளங்களிலும் 50 மாநிலமும் இருக்கிறது. உங்கள் ஊர் மேடைக்கு யாராவது வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மசோதா நடுவில் திருத்தப்பட்டிருந்தால் எந்த வடிவத்துக்கு எந்த ஓட்டு என்று தேதி பார்த்துப் படியுங்கள். மே மாதத்து ஓட்டை வைத்து ஆகஸ்ட் மாதத்து வாசகத்துக்குச் சண்டை போடாதீர்கள், அந்தத் தப்பை நானே ஒருதடவை செய்து அசடு வழிந்திருக்கிறேன்.

குரூப்பில் 240 பேர். நான் நீக்கப்பட்ட பிறகு ஒருவர்கூட அங்கே ஏன் என்று கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, விழாக் குழுவிலேயே இருக்கும் ஒரு தம்பி தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"அக்கா, அந்த லிங்க் கொஞ்சம் அனுப்புங்களேன். நான் கேட்டேன்னு மட்டும் எங்கேயும் போட்டுராதீங்க."

அனுப்பிவிட்டேன், தம்பி. கூட்டத்தொடரை மாற்ற மறக்காதே.