கச்சேரி வாசலில் செலோப்பியாத்தின் மகள்மார்

எங்கள் ஆலயங்களில் அரசியல் கதை எடுத்தாலே யாராவது ஒருவர் வேதாகமத்தின் ரோமர் 13ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." அத்தோடு கதை முடிந்தது, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

அதை எழுதிய பவுல் பிலிப்பியில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16ஐயும் வாசியுங்கள். விசாரணையே இல்லாமல் அடித்து மறியலில் போட்டார்கள். விடிந்ததும், சத்தமில்லாமல் போகச்சொல்லி ஆளனுப்பினார்கள். மனிதர் அசையவில்லை. பகிரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய இலங்கையில், ரோமர் 13ஐப் பிரசங்கித்து அப்போஸ்தலர் 16ஐ விட்டுவிடுவது எனக்கு ஒத்துவரவில்லை.

சட்டத்தை மீறுகிறவனை ஏச எல்லாருக்கும் தெரியும். ஏசாயா 10 எழுதுகிறவனின் கையைப் பிடிக்கிறது: "கொடுமையான கட்டளைகளை எழுதுகிறவர்களுக்கும் ஐயோ!" ஆகாப் ராஜா ஆசைப்பட்ட நாபோத்தின் தோட்டமும் எழுத்தால்தான் போனது. ராணி யேசபேல் ராஜாவின் முத்திரை போட்டுக் கடிதம் எழுதினாள், மூப்பர் கூடினார்கள், இரண்டு பேர் பொய்ச்சாட்சி சொன்னார்கள், நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். ஒரு கடதாசி குறைவில்லை. எங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் ஆக்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 2006இல் இடம்பெயர்ந்தவர்களின் காணியை 2012இல் முதலீட்டு வலயம் என்று அரச வர்த்தமானியில் போட்டார்கள். அதை ரத்துச் செய்ய 2015 வரை இன்னொரு வர்த்தமானிக்காகக் காத்திருந்தது சனம்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது எண்ணாகமம் 27க்குத்தான். மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து சகோதரிகள். தகப்பன் செலோப்பியாத் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை, எனவே காணி இல்லை. ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் போய் நின்று, எங்கள் தகப்பனுடைய பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் இது பழைய கதை இல்லை. கந்தளாய், அல்லைப் பக்கம் பெர்மிட் காணி, அதாவது அரசின் அனுமதிப்பத்திரக் காணி, வைத்திருப்பவர்களுக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தெரியும். தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் பெர்மிட்காரர் இறந்து, கணவனோ மனைவியோ இல்லையென்றால், முதலில் மகன்மார், அதற்குப் பிறகுதான் மகள்மார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தகப்பனைக் கடைசிவரை பார்த்தவர், வயலையும் அவர்தான் செய்தார். காணி வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்குப் போனது. "சட்டம் அப்படித்தான் தங்கச்சி, நான் என்ன செய்யிறது?" என்றாராம் கந்தோரில் இருந்தவர். அந்தப் பாகுபாட்டை எடுக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. 87 வருடம்!

அந்தக் கந்தோர்க்காரரின் வசனத்தைத்தான் தானியேல் 6இல் தரியு ராஜாவும் சொன்னார். முப்பது நாளைக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளையில் தானே கையெழுத்து வைத்துவிட்டு, கடவுளிடம் ஜெபித்து அதில் மாட்டிய தானியேலைக் காப்பாற்ற அன்று பொழுதுபடுமட்டும் பாடுபட்டார். மேதியர் பெர்சியர் சட்டம் மாறாதாம். நல்ல மனிதர்தான், இரவு சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தானியேல் சிங்கக் கெபிக்குள்தான் இருந்தார்.

மோசேயும் சட்டம் கொடுத்தவர்தான். எழுதியாயிற்று, போங்கள் என்று அந்தப் பெண்களை அனுப்பவில்லை. வழக்கை மேலே, கடவுளிடமே கொண்டுபோனார், அவர்கள் சொல்வது சரி என்ற பதில் வந்தது, சட்டம் மாறியது. தலைவர் என்று யாரையாவது சொல்வதென்றால் நான் இதைத்தான் பார்ப்பேன். பன்னிரண்டு வருடம் தேசாதிபதிக்குரிய படியைத் தொடாத நெகேமியாவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் எங்களவர்களிடம் அவ்வளவு கேட்கத் துணிச்சல் இல்லை.

பாதிரிமாருக்கு ஒரு குறிப்பு: எண்ணாகமம் 36ஆம் அதிகாரத்தையும் விடாதீர்கள். அதே கோத்திரத்துப் பெரியவர்கள் பிறகு வந்து முறையிட்டு, இந்தப் பெண்கள் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கலியாணம் முடிக்க வேண்டும் என்று ஒரு வாலைக் கட்டவைத்துவிட்டார்கள். திருத்தம் வந்தால் அதன் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெர்மிட் காணி உள்ள வீட்டுக்காரர், அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்ப் பின்னுரித்தாளர் பெயரைப் பதியுங்கள். மகளின் பெயரையும் யோசியுங்கள்.