சிலிண்டர் ஹெட்டை எவ்வளவு தேய்த்தீர்கள் என்று கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

கோயம்புத்தூரில் பம்ப் ஷாஃப்ட் கடைகிற பட்டறைகளில் மைக்ரான் கணக்கில் வேலை நடக்கிறது. அளவு கொஞ்சம் பிசகினாலும் அந்த லாட் திரும்பி வந்துவிடும். அதே ஊரில் ஒரு கார் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை, "ஒரு அளவாத் தேய்ச்சிருக்கு தம்பி, நல்லா இழுக்கும்" என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்கள். எவ்வளவு தேய்த்தீர்கள் அண்ணா? "கொஞ்சம்தான்." தேய்ப்பதற்கு முன்னால் சேம்பர் (ஹெட்டில் பெட்ரோல் எரிகிற குழி) எத்தனை சிசி இருந்தது? பதில் வராது, முகம்தான் மாறும். அவருடைய தொழிலையே நான் சந்தேகப்பட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை. அளவைக் கேட்பது எப்போதிருந்து மரியாதைக் குறைவாகப் போனது?

என்னிடம் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 2003-இல் புது உருவத்தில் சிட்டி வருவதற்கு முன்பு ஓடிக்கொண்டிருந்த, இன்றும் பலர் ஓஹெச்சி என்று செல்லமாகச் சொல்லும் கார். 1493 சிசி, 106 குதிரைத்திறன், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. ஞாயிறு காலையில் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவும், செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் வாய்ப்புக் கிடைக்கும்போது ஓட்டவும் வைத்திருக்கிறேன். டர்போ இல்லாமலே 7500 ஆர்பிஎம் வரை தயங்காமல் சுற்றுகிற மாதிரி இந்த எஞ்சினை முறையாகக் கட்ட வேண்டும், அதற்கு முதலில் ஒரு திட்டம் வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

உடனே எல்லோரும் சொல்வது, "அந்தக் காசுக்கு டர்போ போட்டுடலாமே ப்ரோ." போடலாம். ஒரு ரூபாய்க்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்தால் டர்போதான் ஜெயிக்கும், அதில் எனக்கு வாதமே இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்த அந்த நொடியிலேயே எஞ்சின் பதில் சொல்ல வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏறச் சத்தமும் இழுவையும் சேர்ந்து ஏற வேண்டும். இது ஒரு ஆசை. இதற்கு நான் ஏன் ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்?

சரி, டர்போ ஆட்களை விட்டுவிடலாம். எனக்கு உண்மையான கோபம் "என்ஏ (டர்போ இல்லாத எஞ்சின்) பில்ட் பண்ணித் தர்றோம்" என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு பார்ட்டாக விற்கிறவர்கள் மேல்தான். வால்வைத் திறந்து மூடும் கேம் போட்டால் 15 குதிரைத்திறன், புகை வெளியேறும் குழாய்களான ஹெடர்ஸ் போட்டால் 8, ஃபில்டர் போட்டால் 5, எல்லாவற்றையும் கூட்டினால் இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்த மாதிரி எஞ்சினில் அப்படிக் கூட்டவே முடியாது. காற்று மண்டலத்தின் அழுத்தம் மட்டும்தான் இங்கே காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆகவே எஞ்சினின் முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, பெரிதாக ஏற்ற முடியாது. கிடைக்கிற டார்க்கை உயர்ந்த ஆர்பிஎம் வரை விடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் மொத்த வேலையும்.

கணக்கு கஷ்டமும் இல்லை. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். எனக்கு 7500-இல் 140 வேண்டும் என்றால், அந்த வேகத்திலும் எஞ்சின் 133 நியூட்டன் மீட்டர் தர வேண்டும். லிட்டருக்கு 89. இது சின்ன விஷயமா? 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறன் தந்த ஹோண்டாவின் பி16பி எஞ்சின், இரட்டைக் கேம், 10.8 கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்று 10.8-இல் ஒரு பங்காக நசுங்கும்) என்று எல்லாம் இருந்தும், 8200 ஆர்பிஎம்மில் லிட்டருக்குச் சுமார் 99-ல் நின்றது. ஹோண்டாவே தொழிற்சாலையில் அத்தனையும் அளந்து செய்து 99. ஒற்றைக் கேம் எஞ்சினில் 89 வேண்டும் என்றால் ஒவ்வொரு பாகமும் அதே 7500-ஐக் குறிவைத்து ஒன்றோடொன்று பேசிவைத்த மாதிரி இருக்க வேண்டாமா? "முதல்ல கேமை மாத்துவோம், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் எப்படி?

அந்தக் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம் போட்டால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு மூடாது. குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்று திரும்பி வெளியே போகும். கம்ப்ரஷனை ஏற்றாமல் இந்தக் கேமைப் போட்டால் 4000 வரை கார் செத்த மாதிரி இருக்கும். அதோடு பலமான வால்வு ஸ்ப்ரிங் வேண்டும். இல்லையென்றால் மேல் ஆர்பிஎம்மில் வால்வு கேமைத் தொடராமல் மிதக்கும். கிடைக்கிற பவர் எல்லாம் மேலே இருப்பதால் கியர்பாக்ஸில் கடைசிப் பல்சக்கர விகிதமான ஃபைனல் டிரைவும் குட்டையாக வேண்டும். இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் ஒரு கேமை மட்டும் பார்சல் கட்டிக் கொடுக்கிறார்கள். கேமோடு வர வேண்டிய கார்டு எங்கே, எத்தனை டிகிரியில் திறக்கும், எத்தனையில் மூடும் என்று கேட்டால், "ஸ்டேஜ் 2" என்கிறார்கள். அந்த ஸ்டேஜ் 2-ஐ வைத்து நான் என்ன கணக்குப் போடுவது?

ஹெட் தேய்க்கிற கதைக்கு வருகிறேன். தேய்த்தால் சேம்பர் சிறுத்து, கம்ப்ரஷன் ஏறும். இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 373 சிசி. கம்ப்ரஷன் 10:1 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 41.5 சிசி. 11:1 என்றால் 37.3. இரண்டுக்கும் இடையே ஒரு டீஸ்பூன் அளவுகூட வித்தியாசம் இல்லை. அந்த நாலு சிசி எங்கே போகிறது என்பதில்தான் எஞ்சின் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. சிலிண்டரின் விட்டம், அதாவது போர், 75 எம்எம். அதில் 1 எம்எம் உயரம் என்பது 4.4 சிசி. சேம்பரின் வாய் போரைவிடச் சின்னது என்பதால், ஹெட்டில் முழுசாக 1 எம்எம் எடுத்தால்கூட அவ்வளவு குறையாது. அப்படியென்றால் இவர்கள் சொல்கிற "கொஞ்சம்தான்" எதற்குப் பிரயோஜனம்? கம்ப்ரஷன் சரியாக வேண்டுமானால் பிஸ்டனின் தலை வடிவத்தையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. ஹெட் கீழே இறங்கினால் கேமுக்கும் க்ராங்குக்கும் இடையே இருக்கும் தூரம் குறையும். டைமிங் பெல்ட்டின் நீளம் மாறாது. அதனால் கேம் டைமிங் பின்தங்கிப் போகும். அதைச் சரிசெய்ய அட்ஜஸ்டபிள் கேம் கியர் வேண்டும், டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து வால்வு எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, அது எவ்வளவு நசுங்கியது என்று அளக்க வேண்டும். சேம்பரின் சிசியை அளக்க ஒரு ப்யூரெட், ஒரு அக்ரிலிக் தகடு, இடைவெளியை அளக்கக் கொஞ்சம் களிமண். இதற்கு ஜெர்மனியிலிருந்தா மெஷின் வர வேண்டும்? பள்ளிக்கூட வேதியியல் லேபில் இருக்கிற பொருள்கள்! ஒரு பிற்பகல் வேலை!

ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான போர்ட்டைப் பாலிஷ் செய்வது பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்குகிறதை போட்டோ எடுத்துக் காட்டுகிறார்கள். கண்டபடி பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம் இழுவை போய்விடும். காற்று உண்மையிலேயே திணறுகிற இடம் வால்வு சீட்டும், போர்ட் வளைந்து இறங்கும் உள்பக்கத் திருப்பமும். அங்கே கை வைக்கத் தெரிந்தவர்கள் மினுமினுப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஹெடர்ஸும் அப்படித்தான். கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், திருப்பத்துக்குத் திருப்பம் நடு ஆர்பிஎம் இழுவை வேண்டும், அங்கே நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் 4-2-1 பொருந்தும். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 3.7 கிலோமீட்டர், நேர்ப்பாதையும் நீளம், அங்கே மட்டுமே ஓட்டுகிறவர் வேறு மாதிரி யோசிக்கலாம். வண்டியை எங்கே ஓட்டப் போகிறேன் என்று ஒரு கடைக்காரராவது முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

கம்ப்ரஷன் ஏறினால் உயர்ந்த ஆக்டேன் வேண்டும், ஆனால் பெட்ரோல் பற்றியும் கேட்பதில்லை. 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரிலேயே இந்தியாவில் வந்துவிட்டது, ஆனால் எல்லா பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்காது. வால்பாறை போகிற வழியில் அதை நம்பி 12:1 கம்ப்ரஷனில் கட்ட முடியுமா? இப்போது இ20 வேறு. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று, 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும். எத்தனால் நாக்கிங்கை (கலவை தானாகவே வெடித்துப் பற்றுவதை) தாங்கும், அது நல்லதுதான். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் பழைய கம்ப்யூட்டரான ஈசியூ ஆக்ஸிஜன் சென்சாரைக் கண்டுகொள்ளாது, பழைய கணக்கிலேயே பெட்ரோல் விடும், கலவை மெலிந்துவிடும். ட்யூனிங் கடைசியில் செய்கிற அலங்கார வேலை என்று நினைக்கிறவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

நிஜமாகவே வலிக்கிறது. கரிவரதன் குறைந்த செலவில் ரேஸ் கார்களை உருவாக்கி இளைஞர்களை ஓட்ட வைத்த ஊர் இது. நாராயண் கார்த்திகேயன் இங்கிருந்து கிளம்பித்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் போனார். கையில் திறமை இருக்கிறது, லேத் இருக்கிறது, நல்ல அளவுக் கருவிகள் இருக்கின்றன. பம்ப் கம்பெனிக்காரர் கேட்டால் அளந்து எழுதித் தருகிறவர், கார்க்காரன் கேட்டால் மட்டும் ஏன் முறைக்கிறார்?

நான் கேமுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. எனக்கு ஒரு தாள் வேண்டும். நாலு சேம்பரின் சிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது, கேஸ்கெட் தடிமன், வால்வு இடைவெளி, டிகிரி வீலில் பார்த்த கேம் டைமிங், பவரை அளக்கும் ஒரே டைனோ மெஷினில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற பட்டறை கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன், மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்கிறேன். "கொஞ்சம்தான்" என்று சொல்கிறவர்கள் என் ஹெட்டைத் தொட வேண்டாம்.