கூட்டத்த புளியரை பஸ் ஸ்டாப்புல வைங்க

தமிழ்நாடு-கேரளா எல்லையோர ஊர்களுக்கு பஸ் வசதி கூட்ட ஜனங்ககிட்ட கருத்து கேக்கப் போறாவன்னு போட்டிருக்கீய, நல்ல விஷயந்தான், ஆனா கூட்டத்த பகல் 11 மணிக்கு ஆபீஸ்ல வச்சா வயலுக்கு போறவன் எவன் வருவான்? சாயங்காலம் 6 மணிக்கு செங்கோட்டை பக்கத்துல இருக்க புளியரை ஸ்டாப்புல வந்து நில்லுங்க, கருத்து தானா வரும்.

1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கத்தோடதான இருந்துச்சு, அதனால எங்களுக்கு பாதி சொந்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல. போன மாசம் எங்க சித்தி ஆரியங்காவுல மகள பாத்துட்டு திரும்புறாவ, அந்த வண்டி மலைரோட்டு எஸ் வளைவுல லாரிக்கு பின்னால மாட்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து சேரவும், எங்க ஊர் பஸ்ஸு அப்பதான் கெளம்பி போவுது, பின்பக்க லைட்டு கூட கண்ணுக்கு தெரிஞ்சிருக்கு. கைல பலாப்பழம் வேற. அடுத்த பஸ் ஒண்ணே முக்கா மணி நேரம் கழிச்சு! ஒரு பத்து நிமிஷம் தள்ளி எடுத்தா என்ன கொறஞ்சா போவும், புது பஸ்ஸே வேண்டாம்யா, ரெண்டு பக்கத்துக்காரவளும் உக்காந்து டைமிங்க பேசுனா போதும்.

ரயில் இருக்கேம்பாவ. 1904ல போட்ட செங்கோட்டை-புனலூர் மலைப்பாதை, அகலப்பாதை ஆக்குதோம்னு 2010ல நிறுத்தி 2018லதான் முழுசா விட்டாவ, சந்தோசம். ஆனா ராத்திரி பகவதிபுரம் ஸ்டேஷன்ல எறங்குனா ஊருக்குள்ள வர ஆட்டோவுக்கு குடுக்குறது ரயில் டிக்கெட்ட விட பல மடங்கு. ரயில் நேரத்துக்கு ஒரு மினி பஸ் விடுங்க.

அப்புறம் அந்த புளியரை பஸ் ஸ்டாப்புல ஒரு லைட்டு.