"ஸ்கோப் இருக்கு"ன்னு புள்ளைங்களைத் தள்ளி விடாதீங்கப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கே ஆரம்பிச்சிடுறாங்க. "என்னவா ஆகப்போற? பி.எஸ்சி.யில அதுக்கேத்த மேஜரை எடு." பதினேழு வயசுல அது எத்தனை பேருக்குங்க தெரியும்? தெரியலைன்னு சொல்லிட்டா போச்சு. மாமா, எதிர்வீட்டு அண்ணன், அட்மிஷன் நோட்டீஸ் கொடுக்கிறவர்னு எல்லாருக்கும் ஒரே பாட்டு: "பயோடெக் எடு, மைக்ரோபயாலஜி எடு, செம ஸ்கோப்."

ஸ்கோப்பாம் ஸ்கோப்பு! இந்திய வனப்பணித் தேர்வுக்கு என்ன டிகிரி வேணும்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் எல்லாம் வரிசையா இருக்கும். பயோடெக்னாலஜிங்கிற பேரே இருக்காது. சரி, ஆஸ்பத்திரி லேபுக்குப் போகலாம்னா டி.எம்.எல்.டி.ங்கிற மருத்துவ லேப் டிப்ளமா இருக்கான்னு கேக்குறாங்க. பி.எட். முடிச்சு டீச்சராகலாம்னா, டிகிரி பேரு கொஞ்சம் வித்தியாசமா இருந்தாலே அது சமமான டிகிரிதான்னு சொல்ற அரசாணையை (ஈக்குவலன்ஸ் ஜி.ஓ.) தேடி அலையணும். பாடத்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிஎச்.டி. வரைக்கும் ஆராய்ச்சிதான்னு உறுதியா இருக்கிறவங்களுக்கு அருமையான படிப்பு. எதுவும் முடிவு பண்ணாத புள்ளையைக் கொண்டுபோய் அதுல தள்ளுறீங்களே, அங்கதான் வயிறு எரியுது.

முடிவு பண்ணலைன்னா தாய்ப்பாடத்தை எடுங்க. இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல். சிறப்புப் பிரிவுக்கு எம்.எஸ்சி.யில போய்க்கலாம். வங்கித் தேர்வு, குரூப் 1, குரூப் 2-க்கு பெரும்பாலும் எந்த டிகிரியா இருந்தாலும் போதும். அதுக்காக மேஜரை மாத்தவே வேண்டாம்.

அப்புறம் இந்த அலைடு பேப்பர், அதாவது மேஜரோட கூடப் படிக்கிற துணைப்பாடம். இதை ஒருத்தரும் பார்க்கிறதே இல்லை! வேதியியல் மேஜருக்கு ஒரு காலேஜ்ல அலைடு கணிதம், இன்னொரு காலேஜ்ல விலங்கியல். பிளஸ் டூவுல கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்த புள்ளைக்கு டிகிரியிலயும் கணிதம் வரலைன்னா எம்.சி.ஏ. சேர்றது சிக்கல்தான். ஏன்னா பிளஸ் டூவுலயோ டிகிரியிலயோ கணிதம் படிச்சிருக்கணும்னு எதிர்பார்க்கிற இடங்கள் இருக்கு. அந்தப் புள்ளை இதைக் கண்டுபிடிக்கிறது மூணாம் வருஷத்துல.

பிராஸ்பெக்டஸ்ல மைக்ரோஸ்கோப் பக்கத்துல சிரிச்சுட்டு நிக்கிற போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டாதீங்க. பல்கலைக்கழக இணையதளத்துல சிலபஸ் சும்மாவே கிடைக்குது. முதல் செமஸ்டரை விட்டுத் தள்ளுங்க, அது பெரும்பாலும் பிளஸ் டூவோட நீட்சிதான். அஞ்சாவது செமஸ்டர் கோர் பேப்பரைப் படிங்க. இயற்பியல்னா குவாண்டம் மெக்கானிக்ஸ் மாதிரி சமாச்சாரம் அங்கதான் நிக்கும். அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடத் தோணுதா, இன்னும் ரெண்டு பக்கம் புரட்டத் தோணுதா?

காலேஜ்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. ஐஐடியில எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM)னு ஒரு தேர்வு இருக்கு: ஏழு பாடத்துக்குத் தனித்தனித் தாள், ஒவ்வொண்ணும் 100 மார்க், மூணு மணி நேரம். விண்ணப்பம் செப்டம்பர் வாக்குல ஆரம்பிக்கும், தேர்வு பிப்ரவரியில. எத்தனை டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல இதை ஒட்டுறாங்க? ஏப்ரல்ல ஃபேர்வெல் முடிஞ்சப்புறம் "சார், அடுத்து என்ன படிக்கலாம்?"னு புள்ளைங்க வந்து நிக்கிறப்ப, அந்த வருஷத்து ரிசல்ட்டே வந்து முடிஞ்சிருக்கும்.