டிசி என்றால் எந்த டிசி?

“எம்எஃப்டி நன்றாக இருக்கிறது. டிசி போட்டாலும் ஏஎஃப் தடுமாறவில்லை. ஐபிஐஎஸ் உள்ள பாடி என்றால் ஓஎஸ் இல்லாதது ஒரு குறையே இல்லை.”

லென்ஸ் பற்றித் தமிழில் எழுதப்படும் விமர்சனங்களில் இந்த ரகப் பத்திகள் சர்வ சாதாரணம். எழுதியவருக்கு விஷயம் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதைப் படித்ததும் புரிந்துகொள்கிற அளவுக்குத் தேறியவர் ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். தமிழில் தேடி வந்து படிப்பவர்கள் வேறு ஆட்கள். முதல் கேமரா வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர், சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், மகன் வாங்கிப் போட்ட கேமராவை எடுத்துப் பழகலாமா என்று யோசிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர்களுக்காகத்தான் தமிழில் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம், அவர்களையே வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

ஆங்கிலத்திலும் இந்தத் தொல்லை உண்டு. தமிழில் எழுதும்போது அது இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் வேறுவேறாக இருக்கிற D, T என்ற எழுத்துகள் இரண்டும் நம் கையில் ஒரே ‘டி’யாக வந்து நிற்கும். மேலே இருக்கிற எம்எஃப்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்யும் என்ற குறைந்தபட்ச தூரத்துக்கும் அதுதான் சுருக்கம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்ன சென்சார் கேமரா வகைக்கும் அதுதான் சுருக்கம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அந்த உதவியும் கிடையாது.

டிசி இன்னும் மோசம். நம்மில் பெரும்பாலோருக்கு டிசி என்றால் பள்ளிக்கூடத்தில் கிழித்துக் கையில் கொடுப்பது. சிக்மா லென்ஸில் டிசி என்று இருந்தால் அது சின்ன சென்சார் கேமராவுக்காகச் செய்த லென்ஸ். நிக்கானின் பழைய 105, 135 எம்எம் லென்ஸ்களில் டிசி என்பது முன்னாலோ பின்னாலோ விழும் மங்கலின் தன்மையை மாற்ற உதவும் தனி வளையம். பறவைப் படம் எடுப்பவர்கள் டிசி என்று சொல்வது டெலிகன்வெர்ட்டரை. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் கண்ணாடி அது. 1.4 மடங்கு பெரிதாக்கினால் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கிவிடும். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். இந்த மூன்றில் எதைப் பற்றி எழுதுகிறோம் என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குத்தான் பஞ்சம்.

சினிமா வேலையில் இருக்கும் நண்பர் டாம்ரான் லென்ஸின் மேல் ‘டிஐ’ என்று பார்த்தால் என்ன நினைப்பார்? கோடம்பாக்கத்தில் டிஐ என்றால் படத்தின் கடைசிக்கட்ட வண்ண வேலை. டாம்ரானில் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேம் (பழைய பிலிம் அளவு சென்சார்) டிஎஸ்எல்ஆருக்கான லென்ஸ், டிஐ 2 என்றால் சின்ன சென்சாருக்கு, டிஐ 3 என்றால் டிஎஸ்எல்ஆர்போல் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு. 3 என்பது 2-ஐவிட உசத்தி என்று நினைத்து டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் வாங்கினால் அது கேமராவில் மாட்டவே மாட்டாது.

சரி, எல்லாவற்றையும் விரித்து எழுதிவிட்டால் பிரச்சினை தீருமா? இந்த இடத்தில்தான் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ‘முதல் தடவை வரும்போது முழுப்பெயரை எழுதுங்கள்’ என்பார்கள். ஏபிஎஸ்-சி என்பதை ‘அட்வான்ஸ்டு ஃபோட்டோ சிஸ்டம் கிளாசிக்’ என்று விரித்துவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள். என்ன புரிந்தது? 1996-ல் வந்து, டிஜிட்டல் வெள்ளத்தில் காணாமல் போன ஒரு பிலிம் வகையின் பெயர் அது. அந்தப் பிலிமில் கிளாசிக் என்ற அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால் இன்றைய சென்சாருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாங்கப் போகிறவருக்கு இந்தப் பூர்வீகம் வேண்டாம். ‘சென்சார் ஏறக்குறைய 24-க்கு 16 மில்லிமீட்டர், அதனால் 50 எம்எம் லென்ஸ் போட்டால் ஃபுல் ஃப்ரேமில் 75 போட்ட மாதிரி நெருக்கமாகத் தெரியும்’ என்று சொன்னால் அவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஜேபெக்கை விரித்தால் ஒரு நிபுணர் குழுவின் பெயர் வரும். அது யாருக்கு வேண்டும்? எழுத்துகளின் முழுப்பெயரைவிட அவை செய்யும் வேலையைச் சொல்வதுதான் முக்கியம். வேலையை ஒரு வரியில் சொல்ல வரவில்லை என்றால் அந்தச் சுருக்கத்தையே விட்டுவிடலாம்.

பிலிம் காலத்திலும் சுருக்கெழுத்துகள் இருந்தன. ஸ்டூடியோக்காரர்கள் ‘ஏஎஸ்ஏ 100 ரோல்’ என்றுதான் கேட்டு வாங்கினார்கள். ஏஎஸ்ஏ என்பது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஜெர்மன்காரர்களின் டிஐஎன் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1974 வாக்கில் இரண்டையும் சேர்த்து ஐஎஸ்ஓ என்றார்கள், டப்பாவில் 100/21 டிகிரி என்று அச்சானது. யாரும் குழம்பவில்லை. காரணம், பிலிமோடு வந்த தாளிலேயே வெயில், மேகமூட்டம், நிழல் என்று படம் போட்டு, எந்த ஷட்டர் ஸ்பீடுக்கு எந்த அபர்ச்சர் என்று அட்டவணை இருக்கும். 100 ரோல், நல்ல வெயில் என்றால் ஷட்டர் 1/125 வினாடி, அபர்ச்சர் 16. ஏஎஸ்ஏ எண் இரட்டிப்பானால் பிலிமின் வேகமும், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறனும், இரட்டிப்பு. அதற்குமேல் என்ன வேண்டும்!

இன்றைய பெரும்பாலான சுருக்கங்கள் அந்த மாதிரிப் பொது அளவைகள் கிடையாது. கம்பெனிகளின் விளம்பரப் பெயர்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி ஒன்றுதான். அதைக் கேனன் ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், சிக்மா ஓஎஸ், டாம்ரான் விசி, ஃபியூஜி ஓஐஎஸ். அதே வேலையை லென்ஸுக்குப் பதில் பாடிக்குள் சென்சாரை அசைத்துச் செய்தால் ஐபிஐஎஸ். இத்தனை பெயர்களையும் பிசகாமல் எழுதும் விமர்சகர், அது எதைச் செய்யாது என்பதைச் சொல்வதில்லை. ஆடுவது உங்கள் கை என்றால் அது உதவும். எதிரில் இருப்பவர் ஆடினால் உதவாது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் கைவிரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். விஆர் இருக்கிறதே என்று 1/15 வினாடியில் எடுத்தால் மேடைத் தூண் துல்லியமாக வரும், விரல்கள் இழுவிப்போகும். கல்யாண வேலைக்கு லென்ஸ் தேடுபவருக்கு இது தெரியவேண்டாமா?

சில நேரம் ஒரே ஓர் எழுத்தில் காசு போய்விடும். ஏஎஃப் என்றால் தானாக ஃபோகஸ் ஆவது. நிக்கானில் ஏஎஃப்-எஸ் என்று லென்ஸின் மேல் இருந்தால் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது என்று பொருள். கேமரா மெனுவிலும் ஏஎஃப்-எஸ் வரும். அங்கே ஒருமுறை ஃபோகஸ் செய்து அப்படியே நிற்பது என்று பொருள். ஒரே கம்பெனி, ஒரே எழுத்துகள், இரண்டு வேலை. ‘ஏஎஃப்-எஸ் லென்ஸ் வாங்கினால் ஓடுகிற பிள்ளையைப் படம் எடுக்க முடியாதா?’ என்று ஒருவர் கேட்டால் சிரிப்பதில் நியாயமில்லை, அது சரியான கேள்வி. அந்த ‘எஸ்’ இல்லாத பழைய 50 எம்எம் எஃப்/1.8 டி லென்ஸை டி3100, டி5200 போன்ற கேமராக்களில் போட்டால் தானாக ஃபோகஸ் ஆகாது, ஏனென்றால் அந்தப் பாடிகளில் மோட்டார் இல்லை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவர் வீட்டுக்கு வந்து கையால் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரின் கதையும் இப்படித்தான். ஒரே கண்ணாடிக்கு என்டி 8 என்று ஒரு பெயர், 0.9 என்று ஒரு பெயர், மூன்று ஸ்டாப் என்று ஒரு பெயர். இன்னொரு கண்ணாடிக்கு என்டி 1000, 3.0, பத்து ஸ்டாப். ‘அருவிக்கு என்டி 3 போதும்’ என்று ஒரு பதிவில் எழுதினால் அது மூன்று ஸ்டாப்பா, 3.0-வா? குற்றாலத்தில் 1/60 வினாடிக்கு வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று வையுங்கள். மூன்று ஸ்டாப் கண்ணாடி போட்டால் 1/8 வினாடி ஆகும், தண்ணீர் லேசாக இழைந்து வரும், ட்ரைபாட் கட்டாயம். பத்து ஸ்டாப் போட்டால் 17 வினாடி! அருவி வெறும் வெள்ளைப் புகையாகிவிடும், குளிக்கிற கூட்டம் மொத்தமும் கரைந்துபோகும். சிலருக்கு அதுதான் வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் எது வேண்டும் என்று தெரிந்து வாங்கவேண்டும்.

தெரிந்தவர்கள் தங்களுக்குள் சுருக்கமாகப் பேசிக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மண்டபத்தில் அசிஸ்டெண்ட்டிடம் “டிடிஎல்-ல போடு” என்று (ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து முடிவு செய்யும் முறை அது) கத்தும்போது விளக்கவுரை கொடுக்க முடியாது. எழுத்து அப்படியில்லை. எழுதும்போது எதிரில் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது.

“தெரியாவிட்டால் தேடிப் பார்த்துக்கொள்ளட்டுமே” என்பார்கள். கேமராவில் பிசி சாக்கெட் என்று ஒன்று உண்டு. தேடிப் பாருங்கள், கம்ப்யூட்டர் சாமான்களாக வந்து குவியும். விடாமல் தேடினால் பிராண்டோர், கம்பூர் என்ற இரண்டு பழைய ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்து என்று தெரியவரும். அப்போதும் அது எதற்கு என்று புரியாது. ‘ஸ்டூடியோ ஃபிளாஷின் வயரைச் சொருகும் சின்ன வட்டத் துளை’ என்று எழுதினால் முடிந்தது. இப்போது வரும் பல மிரர்லெஸ் பாடிகளில் அந்தத் துளையே இல்லை. பழைய விளக்குகளை இன்னும் வயர் போட்டு ஓட்டுகிற ஸ்டூடியோக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவது, தான் வாங்கப் போகும் பாடியில் அது இருக்கிறதா, இல்லையென்றால் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் போட அடாப்டர் கிடைக்குமா என்பதைத்தான்.