ஐயரை அனுப்புவது யார்?

சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம்; அவருடைய மாறுதல் உத்தரவு ஒரே ஒருவர் கையில் இருக்கும்வரை பிரசங்க பீடத்தில் முழு உண்மை வராது. இது என் கருத்து. இதைச் சொன்னால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. நம் ஊர் உதாரணம் சொன்னால் உடனே “நீ அந்த அணியா, இந்த அணியா” என்று கேட்பீர்கள். அதனால் அமெரிக்காவுக்குப் போகிறேன்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். ஒரு பல்கலைக்கழகம், நடுவில் கோர்ட் கட்டிடம், சுற்றிலும் கடைகள். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் எபிஸ்கோபல் சபை 1851இல் தொடங்கியது. உள்நாட்டுப் போரில், 1864இல், வடக்குப் படை ஊரின் நடுப்பகுதியைக் கொளுத்தியபோது தப்பிய செங்கல் கட்டிடம் அது. இன்றைக்கு அந்த ஊரில் நிற்கும் தேவாலயங்களில் பழையது அதுதான்.

எபிஸ்கோபல் சபை யார் என்று கேட்பவர்களுக்கு: சுதந்திரப் போருக்குப் பிறகு இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாத அமெரிக்க ஆங்கிலிக்கன்கள் 1789இல் தனியாக அமைத்துக்கொண்டது. பேராயர் உண்டு, ஜெப புத்தகம் உண்டு. 1947இல் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் சேர்ந்த ஒரு கிளையும் ஆங்கிலிக்கன்தான். ஆக, பங்காளிகள்.

ஆனால் ஒரு விஷயத்தில் வழி வேறு. நம் திருமண்டலத்தில், அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதியில், பேராயர் ஐயரை அனுப்புவார், சேகரம் (ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஏற்றுக்கொள்ளும். அங்கே சபையார் வெஸ்ட்ரி என்ற கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூரை ஒழுகுவது முதல் சம்பளம் வரை அவர்கள் பொறுப்பு. ரெக்டர், அதாவது சபையின் ஐயர், வேண்டுமென்றால் வெஸ்ட்ரி தேடிப்பிடித்து அழைக்கும், பேராயருக்குத் தெரிவிக்கும். வந்து அமர்ந்த பிறகு வெஸ்ட்ரி நினைத்த மாத்திரத்தில் அவரை அனுப்ப முடியாது. பேராயர் மட்டும் நினைத்தாலும் முடியாது. அதற்கென்று நீண்ட சட்டமுறை இருக்கிறது. மோசமான ரெக்டர் வாய்த்தால் இதுவே தலைவலி, அதையும் மறுக்கவில்லை.

இந்தச் சபையின் ஆரம்பகால ரெக்டர் பிரெடெரிக் பர்னார்ட். பல்கலைக்கழகத் தலைவரும் அவர்தான். பின்னால் நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரித் தலைவராகி, பர்னார்ட் கல்லூரிக்கே பெயர் கொடுத்தவர். 1859இல் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மாணவர்கள் உள்ளே புகுந்து ஜேன் என்ற கறுப்பினப் பெண்ணைக் கொடூரமாகத் தாக்கினார்கள். வெள்ளையருக்கு எதிராக அடிமையின் சாட்சி செல்லாது என்பது அன்றைய சட்டம். பர்னார்ட் ஜேன் சொன்னதை நம்பினார், குற்றவாளி மாணவனைக் கல்லூரிக்குத் திரும்பவிடவில்லை. அடிமை முறையில் இவருக்கு உறுதி போதாது என்று புகார் கிளம்பி, 1860இல் அறங்காவலர்கள் அவரையே விசாரித்தார்கள். குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். நல்ல மனிதர் என்று சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் ஜேன் அவருடைய அடிமை. சபைகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களில் இந்த மாதிரி வரிகளைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

இனி 1962. ஜூலை 6ஆம் தேதி வில்லியம் ஃபாக்னர் இறந்தார். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர், உள்ளூர்க்காரர். மகள் கல்யாணம் நடந்தது இந்தக் கோவிலில். மறுநாள் கடை வாசல்களில் சின்னத் துண்டுச்சீட்டு ஒட்டினார்கள்: ஃபாக்னர் நினைவாக 2 மணி முதல் 2.15 வரை கடை அடைப்பு. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த மனிதருக்குப் பதினைந்து நிமிடம்! வீட்டில் அடக்க ஆராதனை நடத்தியவர் செயின்ட் பீட்டர்ஸ் ரெக்டர் டங்கன் கிரே. 1957 முதல் அங்கே இருந்தவர்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. ஆளுநர் ராஸ் பார்னெட் முடியாது என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார். காலையில் கிரே உத்தரவை அமைதியாக ஏற்கச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். நம்மில் பலர் அதோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்போம். அவர் சாயங்காலம் கலவரம் நடந்த வளாகத்துக்கே போய், கல் வைத்திருந்த மாணவர்களிடம் கீழே போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

அங்கே தென்மாநிலப் படைவீரர் நினைவுத்தூணில் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார் எட்வின் வாக்கர், ஓய்வு பெற்ற ஜெனரல். 1957இல் லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்களைப் பள்ளியில் சேர்க்கப் போன படைக்குத் தலைமை தாங்கியவர், இப்போது எதிர்ப்பக்கம்! கூட்டத்தை அடக்கச் சொல்லி கிரே அவரிடம் கெஞ்சினார். வாக்கரும் எபிஸ்கோபல் சபைக்காரர்தான். உன்னைப் போன்ற பாதிரியாரைப் பார்த்தால் நானும் அதே சபை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. கிரே தானே தூணில் ஏறிப் பேசப் பார்த்தார். இழுத்துக் கீழே போட்டு அடித்தார்கள். அன்றிரவு இரண்டு பேர் செத்தார்கள்: பிரெஞ்சுப் பத்திரிகையாளர் போல் கிஹார், ஜூக்பாக்ஸ் பழுதுபார்க்கும் ரே கன்டர். மறுநாள் காலை மெரிடித் சேர்ந்தார்.

எனக்கு அந்த இரவைவிட அடுத்த ஞாயிறு, அக்டோபர் 7, முக்கியம். அடிவாங்கிய ஐயர் மேல் அனுதாபம் இருக்கும்; அதை வைத்துக்கொண்டு பொதுவாக ஜெபித்து முடித்திருக்கலாம். அவரோ, கல்லை நாம் எறியவில்லை, ஆனால் எறியும்படியான சூழலை உண்டாக்கியதில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று எதிரில் உட்கார்ந்திருந்த சபையாரிடமே சொன்னார். அவர்கள் காணிக்கையில்தான் அவர் சம்பளம். சிலர் சபையை விட்டுப் போனார்கள். அவர் 1965 வரை அங்கேயே இருந்தார்.

இதே மாநிலத்தில் 1963 ஜனவரியில் 28 மெதடிஸ்ட் போதகர்கள் இனப்பாகுபாட்டைக் கண்டித்து ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். துணிச்சலில் கிரேக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை. ஒன்றிரண்டு வருடத்துக்குள் அவர்களில் பாதிக்கு மேல் மிசிசிப்பியை விட்டே போக வேண்டியதாயிற்று. அவர்கள் சபையில் போதகரை நியமிப்பதும் மாற்றுவதும் பேராயர்.

சரி, இங்கே ஒருவர் கேட்பார்: கிரேயின் அப்பா அப்போது மிசிசிப்பி பேராயர்தானே? ஆமாம். அவரும் டங்கன் கிரேதான். பின்னால் மகனும் பேராயரானார். பேரன், மூன்றாம் டங்கன் கிரே, இதே செயின்ட் பீட்டர்ஸில் ரெக்டராக இருந்துவிட்டு அவரும் பேராயர்! நம் ஊராக இருந்தால் வாரிசு அரசியல் என்று நாமே முதல் ஆளாகக் கத்தியிருப்போம். அப்பாவின் பதவி அவருக்கு நிழலாக இருந்திருக்கும், அதை ஒளிக்க வேண்டாம். ஆனால் ஐயரின் தைரியத்துக்கு அப்பா பேராயராக இருக்க வேண்டும் என்றால் நம் ஊரில் எத்தனை ஐயர்களுக்கு அந்த வாய்ப்பு?

இங்கே எனக்குத் தெரிந்த நல்ல ஐயர்கள் சாதியைப் பற்றிப் பேச வந்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். கல்லறைத் தோட்டம் வரை போகிற விஷயம் அது. பேசினால் திருமண்டலத் தேர்தல் முடிந்ததும் ஏதோ ஒரு மூலைக்கு மாறுதல் வரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மாறுதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருடமோ ஏழு வருடமோ, காலத்தை முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். இடையில் மாற்றினால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, ஞாயிறு ஆராதனையில் சபையார் முன் வாசியுங்கள்.